தராசு காட்டாத பயன்

குன்னூரில் 1918ஆம் ஆண்டு ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனம் 1987 முதல் 1990 வரை ஐதராபாத்தை அடுத்த சிற்றூர்களில் நடத்திய ஆய்வு, பதின்பருவ உடலைப் பற்றிய புரிதலுக்குப் பின்னாளில் பெருந்துணையாயிற்று.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் எட்டியிருந்த ஊர்களில் கருவுற்ற பெண்களுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த உணவு சமைத்து வழங்கப்பட்டது. திட்டம் எட்டாத ஊர்கள் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டன. பிறப்பெடையில் தென்பட்ட வேறுபாடு சிறிதே.

ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழித்து, அக்குழந்தைகள் 13 முதல் 18 வயதினராக வளர்ந்திருந்தபோது, 29 ஊர்களில் 1,165 பேரை ஆய்வாளர்கள் மீண்டும் பரிசோதித்தனர். முடிவுகள் 2008இல் வெளியாயின. உணவு பெற்ற ஊர்களின் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரம் கூடியிருந்தனர். உடற்கொழுப்பில் வேறுபாடு இல்லை. ஆயினும் அவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பும் தமனிகளின் விறைப்பும் குறைந்திருந்தன.

ஊர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாதவை. எனவே முடிவை எச்சரிக்கையோடே கொள்ள வேண்டும். எனினும் ஒன்று தெளிவு: பதின்பருவத்தினரின் வளர்சிதை மாற்றத்தை அவர்களது இன்றைய எடையையும் உடலுழைப்பையும் மட்டும் கொண்டு விளக்கிவிட இயலாது. கருவிலும் மழலையிலும் கிடைத்த உணவுக்கும் அதில் பங்குண்டு. அங்கன்வாடி உணவின் பயனைத் தராசில் மட்டும் தேடுவோர், அதன் பெரும்பகுதியைக் காணாமலே போகக்கூடும்.