'இயல்பான பருவமழை' யாருக்கு இயல்பு? தேசிய முன்னறிவிப்பும் வட்டார மழையும்

2015இல் தென்மேற்குப் பருவமழை இந்தியா முழுமைக்கும் நீண்டகாலச் சராசரியில் 86 விழுக்காடே பெய்தது. பற்றாக்குறை ஆண்டு என்று பதிவாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரைமீறிச் சென்னையின் வீடுகளுக்குள் புகுந்தது. மறு ஆண்டு தென்மேற்குப் பருவமழை 97 விழுக்காடு. 'இயல்பு' என்றது கணக்கு. அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவத்திலோ தமிழ்நாட்டுக்கு வழக்கத்தைவிட 62 விழுக்காடு மழை குறைந்தது. காவிரி டெல்டாவில் சம்பாப் பயிர் கருகியது.

இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நாட்டுக்கான ஒற்றை எண் எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது புலப்படும். எந்தப் பாசனமும் தொழிலும் எந்த மழையை நம்பியிருக்கின்றன என்பதைக் கொண்டு முன்னறிவிப்பை வகுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒற்றை எண்ணின் பிறப்பு

1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், அதன்பின் பொய்த்த பருவமழைகளும் 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றக் காரணமாயின. அடுத்த ஆண்டே தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. 'இவ்வாண்டு மழை உண்டா, இல்லையா' என்ற நிர்வாகத்தின் கேள்விக்கு, துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு இமயத்தின் பனிப்பொழிவில் விடை தேடினார். 1904இல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் உலகெங்கும் திரட்டிய காற்றழுத்தப் பதிவுகளிலிருந்து, பசிபிக்குக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையிலான காற்றழுத்த ஊசலாட்டமான தென் அலைவைக் கண்டறிந்தார். அறிவியல் நெடுந்தொலைவு வந்துவிட்டது. கேள்வி மட்டும் பழைய வடிவத்திலேயே நிற்கிறது. 2002இல் 101 விழுக்காடு என்று கணிக்கப்பட்ட மழை 81 விழுக்காடாக முடிந்தபோது, மாற்றப்பட்டவை கணிப்பு மாதிரிகளே.

1971-2020 காலத்துக்கான ஜூன்-செப்டம்பர் சராசரி சுமார் 87 செ.மீ. அதில் 96 முதல் 104 விழுக்காடு வரை பெய்தால் 'இயல்பு'. இந்தச் சராசரி பரப்பளவை எடையாகக் கொண்டது. தமிழ்நாட்டின் பரப்பு நாட்டில் ஏறத்தாழ 4 விழுக்காடு. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை அது பெறுவதோ அக்டோபர்-டிசம்பர் வடகிழக்குப் பருவத்தில். ஆக, தமிழ்நாட்டின் முதன்மையான மழைக்காலம் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

ஒரே குறி, இரு பொருள்

பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ வலுக்கும்போது தென்மேற்குப் பருவம் தளரும் வாய்ப்பு கூடுகிறது. அதே எல் நினோ, வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று தமிழகக் கரையை நோக்கி வீசுவதற்குத் துணைபுரிந்து, வடகிழக்குப் பருவத்தை வலுப்படுத்தும் போக்குடையது. 2015 வலுவான எல் நினோ ஆண்டு. 2016இன் இறுதியில் பசிபிக், அதன் எதிர்நிலையான லா நினா பக்கம் சாய்ந்திருந்தது. விதிவிலக்கும் உண்டு: லா நினா ஆண்டான 2021இல் தமிழ்நாட்டில் மிகுமழை பெய்தது. ஆயினும் 'எல் நினோ வருகிறது, மழை குறையும்' என்ற ஒற்றை வாக்கியம் தென்மேற்கு மழையை நம்பும் விதர்பாவுக்கும் வடகிழக்கு மழையை நம்பும் நாகப்பட்டினத்துக்கும் ஒருசேரப் பொருந்தாது என்பது உறுதி.

தென்காசியும் தூத்துக்குடியும்

இதே வேறுபாடு நூறு கிலோமீட்டருக்குள்ளும் தெரியும். ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் காற்று செங்கோட்டையிலும் தென்காசியிலும் சாரலைத் தூவுகிறது. குற்றாலத்தில் அருவி விழுகிறது. மலையிறங்கி ஈரமிழந்த அதே காற்று, தூத்துக்குடிக்கு வறண்ட காற்றாகப் போய்ச் சேர்கிறது. அங்கே உப்பளப் பாத்திகளில் நீர் வற்றி உப்பு பூக்க அந்த வறட்சிதான் வேண்டும். தென்காசிக்காரருக்குச் சாரல் பொய்த்தால் கவலை. உப்பளத் தொழிலாளிக்கு மழை பெய்தால் அன்றைய கூலி போயிற்று. இத்தகைய வறண்ட கரையிலுள்ள காயல்பட்டினத்தில்தான் 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. அது அம்மாவட்டம் வழக்கமாக ஓராண்டில் பெறும் மழையைவிட அதிகம்.

மறுப்பும் விடையும்

பரப்பு பெரிதாக இருந்தால்தான் பருவக் கணிப்பு தேறும்; சிறு வட்டாரங்களில் பிழை பெருகும் என்பது வலுவான மறுப்பு. அதை ஏற்கிறேன். ஆனால் பெரும்பரப்பு என்றால் அது நாடு முழுமையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காவிரியையே பார்ப்போம்: ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. அணை நிறைவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்கு மழையால். எனவே தஞ்சை விவசாயிக்குக் குறுவைக்கு மலைநாட்டு மழையும், சம்பாவுக்கு வங்கக் கடல் மழையும் தெரிய வேண்டும். இரண்டையும் காவிரிப் படுகை என்ற ஒரே அலகில் வைத்துச் சொல்லலாம். இன்று வடகிழக்குப் பருவ முன்னறிவிப்பு தமிழ்நாடு, கேரளம், ராயலசீமை, கடலோர ஆந்திரம், தென் உள் கர்நாடகம் ஆகிய ஐந்து உட்பிரிவுகளையும் தென் தீபகற்பம் என்று ஒன்றாகச் சேர்த்தே தருகிறது. நிகழ்தகவு வரைபடங்களும் வெளியாகின்றன என்றாலும், தலைப்புச் செய்தியாவது ஒற்றை விழுக்காடுதான்.

படுகைவாரியாகவும் பட்டம்வாரியாகவும் நிகழ்தகவைச் சொல்வதும், பருவம் முடிந்ததும் அதே அலகில் கணிப்பைச் சரிபார்த்து வெளியிடுவதும் இன்றைய அறிவியலுக்கு எட்டாதவை அல்ல. பத்தில் ஆறு பங்கு வாய்ப்பு என்றால் மீதி நான்கையும் மனத்தில் வைத்தே உழவர் விதைப்பார். நிச்சயமின்மையோடு வாழ அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. புரட்டாசியில் நாற்றங்காலுக்கு விதை நெல்லை ஊறவைப்பவர் அறிய விரும்புவது, ஐப்பசியில் தம் வயலுக்கு மழை உண்டா என்பதையே. முன்னறிவிப்பும் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.