கூட்டமாக ஆடும் ஆட்டத்தில் தனி ஆள்: ஒரு சின்ன வரலாறு

பல்லாங்குழி இரண்டு பேர் ஆடும் ஆட்டம். எதிரே ஆள் இல்லாவிட்டாலும் அதை ஆடலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒருவரே ஆடும் அந்த வகைக்கு சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சிறையிருந்த சீதை பொழுது போக இப்படித் தனியே ஆடினாள் என்பது கதை. தனுஷ்கோடியிலிருந்து கடலைத் தாண்டினால் சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். அதனால் எங்கள் ராமநாதபுரம் பக்கத்துக்காரனுக்கு இது பக்கத்து வீட்டுக் கதை மாதிரி.

சரி, கம்ப்யூட்டர் கேமைப் பற்றி எழுத வந்தவன் ஏன் சீதையிடம் போனான் என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது :-)

கலர் கலராக இருக்கும் மல்டிபிளேயர் சுடும் ஆட்டங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் தனியாகத்தான் ஆடுவேன். ஹெட்செட் கிடையாது, டீம் கிடையாது. "பத்துப் பேரோட ஆடுறதுக்குத்தானே அந்த கேம், நீ தனியா என்னத்த ஆடுற?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். இந்த ஆட்டங்களின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் ஒரு விஷயம் தெரிகிறது. தனி ஆளுக்கும் ஓர் இடம் போட்டு வைத்ததால்தான் இந்தக் கூட்ட ஆட்டங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன.

ஆரம்பத்திலிருந்தே பார்ப்போம். 1973-74ல் அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் சில மாணவர்கள் மேஸ் வார் என்ற ஆட்டத்தை எழுதினார்கள். இரண்டு கணினிகளை ஒயரால் இணைத்து, ஒரு புதிர்ப்பாதைக்குள் ஒருவரையொருவர் தேடிச் சுடுவது. அவர்களில் ஒருவரான கிரெக் தாம்சன் அதை எம்.ஐ.டி.க்குக் கொண்டு போனார். அங்கே டேவ் லெப்லிங்குடன் சேர்ந்து எட்டுப் பேர் வரை ஆடும்படி செய்தார். கூடவே, கணினியே ஓட்டும் ரோபோ ஆட்டக்காரர்களையும் சேர்த்தார்கள். கவனியுங்கள், இந்த வகை ஆட்டம் பிறந்த சூட்டிலேயே தனி ஆளுக்கும் எதிரி தயார்!

1993 டிசம்பரில் டூம் வந்தது. நெட்வொர்க்கில் நான்கு பேர் வரை ஆடலாம். 1996ல் குவேக். அதற்கு ஸ்டீவ் போல்ஜ் என்பவர் ரீப்பர் பாட் என்ற செயற்கை எதிரியை எழுதினார். இணைய வசதி இல்லாதவனும் வீட்டிலேயே "மல்டிபிளேயர்" ஆடலாம் என்று ஆனது. பிறகு போல்ஜ் எபிக் நிறுவனத்துக்குப் போனார். 1999ல் வந்த அன்ரியல் டோர்னமென்ட்டின் பாட்களுக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். அதே ஆண்டு குவேக் 3 அரீனாவும் வந்தது. இரண்டுமே பல பேர் மோதுவதற்காகச் செய்தவை. தனி ஆள் வாங்கினால், பாட்களோடு ஒவ்வொரு படியாக மோதி மேலே போகலாம்.

அதே 1999ல்தான் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் கவுன்டர் ஸ்ட்ரைக்கை ஆரம்பித்தார்கள். நம் ஊர்ப் பிரவுசிங் சென்டர்களை ஒரு காலத்தில் ஆட்டிப் படைத்தது இதுதான் என்று சீனியர் அண்ணன்கள் கதை கதையாகச் சொல்வார்கள். பிரவுசிங் சென்டருக்குள்ளேயே லேனில் ஆடியதால் இன்டர்நெட் வேகம் ஒரு பொருட்டில்லை. கூட்டம் வராத மத்தியான வேளையில் தனியே வந்தவனுக்குக் கை கொடுத்தது பாட்ஸ் தான். மேப் மனப்பாடம் ஆனது, கை பழகியது எல்லாம் அப்படித்தான்.

எங்கள் கடற்கரைப் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. பிங்! கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 2002ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் போட்ட ஐ-டூ-ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய் வர 6,400. அதற்கே 32 மில்லிசெகண்ட் போய்விடும். ராமேஸ்வரத்திலிருந்து சென்னை வரை உள்ள தூரம், நடுவில் இருக்கும் ரூட்டர்கள், டவர் நெரிசல் எல்லாம் அதற்கு மேல். ரயிலுக்கு மட்டுமல்ல, டேட்டாவுக்கும் எங்கள் ஊர் கடைசி ஸ்டேஷன் மாதிரிதான். டீம் ஆட்டத்தில் பிங் எகிறினால் கூட இருக்கும் நான்கு பேரும் திட்டுவார்கள். தனியாகத் தோற்றால் அந்தத் தோல்வி என்னோடு போயிற்று.

அடுத்து கலருக்கு வருவோம். ரொம்ப நாளாக இந்த ஆட்டங்கள் பழுப்பும் சாம்பலுமாக இருந்தன. 2007ல் டீம் ஃபோர்ட்ரஸ் 2 கார்ட்டூன் மாதிரி வந்து பார்வையை மாற்றியது. 2015 மே மாதம் நின்டென்டோ வெளியிட்ட ஸ்ப்ளாட்டூன் இன்னும் ஒரு படி மேலே போனது. நான்கு பேருக்கு நான்கு பேர், மூன்று நிமிடம், துப்பாக்கியில் குண்டுக்குப் பதில் மை. எத்தனை பேரைச் சுட்டாய் என்பது கணக்கில்லை. தரையில் எவ்வளவு இடத்துக்கு உன் அணியின் நிறத்தை அடித்தாய் என்பதுதான் வெற்றி தோல்வி. முன்னால் போய் மோதத் தைரியம் இல்லாதவன் பின்னால் ஒரு மூலையைச் சுத்தமாக அடித்து முடித்தாலும் அது அணியின் கணக்கில் சேரும். அந்த முதல் ஸ்ப்ளாட்டூனில் குரல் அரட்டையே வைக்கவில்லை. முன்பின் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், வசவு வாங்காமல் ஆடிவிட்டு எழுந்து போகலாம்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். பாட்களோடு ஆடுவது ஒரு வகைத் தனிமை. தெரியாத மனிதர்களுக்கு நடுவே தனியாக ஆடுவது வேறு வகை. திருவிழாவுக்குத் தனியாகப் போவது மாதிரி. கூட யாரும் வரவில்லை என்பதற்காகக் கூட்டத்தை ரசிக்க முடியாதா என்ன?

நம் நாட்டில் கலர் ஷூட்டர் என்றால் மினி மிலிஷியாதான். டேட்டா விலை கூடுதலாக இருந்த காலத்தில் ஒருவர் ஹாட்ஸ்பாட் போட, மற்றவர்கள் சேர்ந்துகொள்ள, காசு செலவில்லாமல் பஸ்ஸிலும் கடைசி பெஞ்சிலும் சண்டை நடந்தது. ஆள் சேராவிட்டால் சர்வைவல் பகுதியில் தனியாக ஆடலாம். 2016 செப்டம்பர் 5ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. 2018ல் பப்ஜி மொபைல் வந்தது. ஒரு தீவில் 100 பேர். அதிலும் சோலோ என்று ஒரு கதவு இருந்தது. புதிதாக வருபவருக்குப் பாதி எதிரிகள் பாட்களே என்பதும் ஊரறிந்த ரகசியம்.

இனி வருவதுதான் முக்கியம். 2020 செப்டம்பர் 2ல் மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி மொபைலும் போனது. அக்டோபர் 30ல் சர்வரும் நின்றது. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்று வந்தது, 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பியது. தடை சரியா தப்பா என்று நான் வாதாட வரவில்லை. சர்வர் நின்றால் பத்தாயிரம் மணி நேரம் ஆடியவனுக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். முதல் ஸ்ப்ளாட்டூனின் இணையச் சேவை 2024 ஏப்ரலில் மூடப்பட்டது. தெருவெல்லாம் மை அடித்த கூட்டம் போய்விட்டது. மிச்சம் இருப்பதில் பெரியது, தனி ஆளுக்காகச் செய்த கதைப்பகுதி. அது இன்றும் ஓடுகிறது. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னால், 2024 மார்ச் 31ல், தி க்ரூ என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வர் நின்றபோது, தனியாக ஆடுபவர்களுக்கும் எதுவும் மிஞ்சவில்லை. அது எப்போதும் சர்வரைக் கேட்கும்படி செய்யப்பட்டிருந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். விற்ற ஆட்டத்தை ஆட முடியாதபடி ஆக்கக்கூடாது என்று ஐரோப்பாவில் போடப்பட்ட மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது.

தனியாக ஆடுபவனைப் பார்த்து அவனுக்கு நண்பர்கள் இல்லையோ என்று பரிதாபப்பட வேண்டாம். மேஸ் வாரின் ரோபோவிலிருந்து ஸ்ப்ளாட்டூனின் கதைப்பகுதி வரை, அவனுக்காகப் போட்ட இடம்தான் கூட்டம் கலைந்த பிறகும் ஆட்டத்தை உயிரோடு வைத்திருக்கிறது. நாளைக்கு நம் வகுப்பில் யாராவது கேம் செய்யும் கம்பெனிக்குப் போனால் இதை மறக்காதீர்கள். நூறு பேர் ஆடும் மைதானம் கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு ஓரத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஆட ஒரு திண்ணையும் விட்டு வையுங்கள்.