பஸ் கேட்ட ஊரார்



ஐக்கிய அமெரிக்க நாட்டில் வெள்ளையர் பிள்ளைகளுக்கும் கறுப்பினத்தார் பிள்ளைகளுக்கும் தனித்தனியே பள்ளிக்கூடம் நடத்துவது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று, 1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரலாற்று நூல்களில் அதற்குப் பிரவுன் வழக்கு என்று பெயர். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் அந்தப் பெயரையும் ஆண்டையும் நினைவில் வைத்திருந்தால் போதும்; மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அத்தீர்ப்பில் அடங்கியது ஒரு வழக்கு அன்று. நான்கு மாநிலங்களிலிருந்து வந்த வழக்குகள் அதில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அவற்றுள் உச்ச நீதிமன்றத்தை முதலில் எட்டியது, பருத்தி விளையும் ஒரு நாட்டுப்புறத்து மக்கள் கூடிக் கொண்டுவந்த மேல்முறையீடு. அம்மக்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தென் கரோலினா மாநிலத்தில் கிளாரெண்டன் என்று ஒரு மாவட்டம் உண்டு. அதில் சம்மர்ட்டன் ஒரு சிற்றூர். மாவட்டத்து மக்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தார். அவர்களுள் சிலருக்கே சொந்த நிலம் இருந்தது. மற்றவர்கள் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதும் கூலிக்கு உழைத்தும் காலம் கழித்தனர். இரு இனத்துப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கலாகாது என்று அம்மாநிலத்தின் 1895ஆம் ஆண்டு அரசியல் சட்டம் விதித்திருந்தது. மறு ஆண்டில், இரயில் வண்டியில் தனிப் பெட்டி ஒதுக்குவது பற்றிய ஒரு வழக்கில், வசதிகள் சமமாக இருக்குமானால் பிரித்து வைப்பதில் தவறில்லை என்று உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. அதன் பிறகு அரை நூற்றாண்டு காலம் பிரித்து வைப்பது மட்டும் ஒழுங்காக நடந்தது. சமம் என்பது ஏட்டிலேயே தங்கிற்று. 1949-50ஆம் கல்வி ஆண்டில் கிளாரெண்டனில் வெள்ளையர் பிள்ளை ஒன்றுக்குச் செலவிடப்பட்ட தொகை 179 டாலர். கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர். வெள்ளையர் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல 30 பஸ்கள் ஓடின. மற்றவர்களுக்கு ஒன்றுகூட இல்லை.

ஆகவே அவர்கள் நடந்தார்கள். சில பிள்ளைகள் ஒரு வழிக்கே ஒன்பது மைல் நடந்ததாக அறிகிறோம். சாண்டீ ஆற்றின் குறுக்கே அணை கட்டியபின் நீர் பரந்து சில பாதைகளை மூடிவிட, படகில் கடந்து பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளும் இருந்தனர். விடியற்காலையில் புறப்பட்டு, கால் சோர்ந்து, ஈரத்தோடு வந்து அமரும் குழந்தையின் தலையில் கணக்கு எவ்வளவு ஏறும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

ஜோசப் டிலேன் என்ற பாதிரியாருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் பள்ளி ஆசிரியருமாவார். 1947ஆம் ஆண்டு, அவரும் லீவை பியர்சன் என்ற உழவரும் கல்வி அதிகாரிகளிடம் சென்று பஸ் ஒன்று வேண்டும் என்று கேட்டனர். கறுப்பினத்தார் கட்டும் வரி சொற்பம். அவர்களுக்காக வெள்ளையரின் வரிப்பணத்தைச் செலவிடுவது நியாயமாகாது என்பதே விடையாக வந்தது. பெற்றோர் தங்களுக்குள் பணம் திரட்டிப் பழைய பஸ் ஒன்றை வாங்கினார்கள். அது ஓடிய நாளைவிட நின்ற நாளே மிகுதி. வண்டி எங்களுடையதாகவே இருக்கட்டும், பெட்ரோலுக்காவது பணம் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். அதுவும் மறுக்கப்பட்டது.

1948 மார்ச்சு மாதம் பியர்சன் தம் பெயரில் வழக்குத் தொடுத்தார். ஜூன் மாதத்தில் அது தள்ளுபடியாயிற்று. காரணம் விந்தையானது. அவருடைய நிலம் இரண்டு பள்ளி வட்டங்களின் எல்லையில் கிடந்தது. அவர் வரி கட்டிய வட்டம் ஒன்று. பிள்ளைகள் படித்த வட்டம் மற்றொன்று. ஆகையால் வழக்குத் தொடுக்க அவருக்கு உரிமை இல்லை என்றார்கள். வழக்குப் போனதோடு துன்பம் நிற்கவில்லை. விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்து வந்தவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். அறுவடைக் காலத்தில் இயந்திரம் வாடகைக்குக் கொடுக்க எவரும் முன்வரவில்லை. விளைந்த பயிர் வயலிலேயே வீணாயிற்று.

தனி ஒருவரை முன்னிறுத்தினால் இவ்வாறு முறித்துவிடுவார்கள் என்பதை இது காட்டிற்று. 1949 மார்ச்சில், கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், டிலேனையும் அவருடன் வந்தவர்களையும் தலைநகர் கொலம்பியாவில் சந்தித்தார். இருபது வாதிகளையேனும் திரட்டிக் கொண்டுவந்தால்தான் வழக்கை எடுப்பேன் என்றார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் இவரே. அவர் சொன்ன இருபது பேரைத் தேட எட்டு மாதங்களாயின. கோயில்களில் கூட்டம் கூடினார்கள். வீடு வீடாகச் சென்றார்கள். நவம்பர் மாதத்தில் விண்ணப்பம் முடிந்தபோது அதில் 107 பெயர்கள் இருந்தன. இப்போது அவர்கள் கேட்டது பஸ் மட்டுமன்று. கட்டடம், ஆசிரியர், குடிநீர், கழிப்பிடம் ஆகிய அனைத்திலும் சம உரிமை கேட்டார்கள்.

முதலில் நின்ற பெயர் ஹாரி பிரிக்ஸ் என்பவருடையது. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணிசெய்து திரும்பியவர்; பெட்ரோல் நிலையமொன்றில் வேலை பார்த்தார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் முதலாளி அவருக்குப் பண்டிகைப் பரிசாகச் சிகரெட்டுப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார். விடுதியொன்றில் பணிப்பெண்ணாக இருந்த அவருடைய மனைவி எலைசாவும் வேலையை இழந்தார். கையெழுத்திட்டவர்களில் சிலர் குத்தகை நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். சிலருக்குக் கடன் நின்றது. டிலேன் குடும்பத்தினர் ஆசிரியர் பணியை இழந்தனர். விண்ணப்பத்தின் பெயர்ப் பட்டியலே பழிவாங்குவதற்குரிய முகவரிப் பட்டியலாகப் பயன்பட்டது.

வழக்கு 1950 மே மாதத்தில் சார்ல்ஸ்டன் நகரத்து நீதிமன்றத்தில் தாக்கலாயிற்று. பிரதிவாதிகளில் முதல்வர் பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவரான எலியட். அங்கே நீதிபதியாக இருந்த வேரிங், அந்நகரத்துப் பழைய வெள்ளையர் குடும்பமொன்றில் பிறந்தவர். அவர் மார்ஷலிடம், வசதி குறைவு என்று மட்டும் வாதாட வேண்டாம், பிரித்து வைப்பதே தவறு என்று நேரடியாகத் தாக்குங்கள் என்றார். இதிலுள்ள சட்ட நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மாநிலச் சட்டம் ஒன்று செல்லாது என்று அந்நாளில் வழக்காடினால், மூன்று நீதிபதிகள் கூடி விசாரிக்க வேண்டும். அவர்கள் தீர்ப்பின்மேல் நேரே உச்ச நீதிமன்றத்துக்கு முறையீடு செய்யலாம். மூவரில் இருவர் எதிராகவே தீர்ப்புச் சொல்வார்கள் என்று வழக்கறிஞர்கள் எதிர்பார்க்க இடமிருந்தது. ஆயினும் தோல்விக்கு அப்பால் வாஷிங்டனுக்கு வழி திறந்திருந்தது. 1950 டிசம்பரில் வழக்குப் புதிதாகத் தாக்கல் செய்யப்பட்டது.

1951 மே 28ஆம் நாள் விசாரணை தொடங்கியபோது, சம்மர்ட்டன் மக்கள் இருட்டோடு புறப்பட்டு வந்து நீதிமன்றத்தை நிறைத்தார்கள். உள்ளே இடமில்லாதவர்கள் வெளியே தாழ்வாரத்தில் நின்றார்கள். மாநிலத்தின் வழக்கறிஞர் ஃபிக் எழுந்து எவரும் எதிர்பாராததைச் சொன்னார். வசதிகள் சமமாக இல்லை என்பது உண்மையே, அரசு ஒப்புக்கொள்கிறது, சரிசெய்யத் தவணை வேண்டும் என்றார். இது மிகவும் சாமர்த்தியமான வாதம். குறையை மெய்ப்பிக்க வந்தவர்களிடம் குறையை ஒப்புக்கொண்டுவிட்டால், அவர்களுக்குச் சொல்ல என்ன மிஞ்சும்?

ஆனாலும் சாட்சியங்கள் வந்தன. பள்ளிகளை நேரில் பார்வையிட்ட கல்வியாளர் ஒருவர், 276 பிள்ளைகள் படித்த இரண்டு வெள்ளையர் பள்ளிகளின் சொத்து மதிப்பு, 808 பிள்ளைகள் படித்த மூன்று கறுப்பினப் பள்ளிகளின் மதிப்பைப்போல் நான்கு மடங்கு என்று கணக்குக் காட்டினார். கென்னத் கிளார்க் என்ற உளநூல் அறிஞர் அவ்வூர்ப் பிள்ளைகள் 16 பேரிடம் ஒரு வெள்ளைப் பொம்மையையும் ஒரு பழுப்புப் பொம்மையையும் காட்டி வினவியிருந்தார். 10 குழந்தைகள் வெள்ளைப் பொம்மையே பிடித்தது என்றன. பழுப்புப் பொம்மைதான் கெட்டதாகத் தோன்றுகிறது என்று 11 குழந்தைகள் சுட்டின. பதினாறே குழந்தைகளை வைத்து முடிவு கட்டலாமா என்று அறிஞர்கள் பின்னர் வாதிட்டதுண்டு, அவ்வினா நியாயமானதே. எனினும் தன் நிறத்தையே கெட்டது என்று விரல் நீட்டும் குழந்தையை எந்தப் புள்ளிவிவரத்தாலும் மறைக்க முடியாது.

ஜூன் மாதத்தில் தீர்ப்பு வந்தது. பார்க்கர், டிம்மர்மன் ஆகிய இருவரும் பிரித்து வைப்பது செல்லும் என்றனர். வசதிகளைச் சமமாக்கி ஆறு மாதத்துக்குள் அறிக்கை தரவேண்டும் என்று மட்டும் ஆணையிட்டனர். வேரிங் தனித்து நின்று, பிரிவினையே சமமின்மைதான் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஆளுநர் பர்ன்ஸ் பள்ளிகளுக்காக நூற்றுக்கு மூன்று விற்பனை வரி விதித்தார். ஏழரைக் கோடி டாலர் செலவில் கட்டடத் திட்டம் வகுத்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் புதுப் பள்ளிகள் எழும்பத் தொடங்கின. பஸ்ஸும் வரத் தலைப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குமுன் அவ்வூரார் கேட்டது என்ன? ஒரு பஸ். இப்போது அதைவிடப் பன்மடங்கு அவர்கள் வாயிலுக்கே வந்தது. போதும் என்று வழக்கை முடித்துக்கொண்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். இழந்த வேலைகளில் சிலவேனும் திரும்பக் கிடைத்திருக்கலாம். கூரை ஒழுகும் வகுப்பறையில் மழைக்காலங்களைக் கழித்த தலைமையாசிரியன் நான். அவர்கள் நிலையில் இருந்திருந்தால் கட்டடத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. துணிந்து விடை கூற எனக்கு இயலவில்லை. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள்.

அந்த அக்டோபரில் சம்மர்ட்டனில் இருந்த டிலேனின் வீடு எரிந்தது. தீயணைப்போர் வந்தும், வீடு ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அரசு கொடுத்த அறிக்கையைக் கீழ் நீதிமன்றம் முதலில் ஆராயட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. மார்ச்சில் கீழ் நீதிமன்றம் பழைய தீர்ப்பையே உறுதி செய்ய, மறுமுறையும் முறையிட்டார்கள். இந்தப் போக்குவரவில் வரிசை மாறிவிட்டது. கான்சாஸ் வழக்கு முன்னே சென்று முதல் எண்ணைப் பெற்றது. பிரிக்ஸ் வழக்கு இரண்டாம் எண்ணாயிற்று. பிரவுன் என்ற பெயர் புகழ்பெற்றதன் கதை இதுதான்.

தென் கரோலினாவுக்காக வாதாடியவர் ஜான் டேவிஸ். 1924ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர்; 1953 டிசம்பரில் அவருக்கு வயது எண்பது. சம்மர்ட்டன் பள்ளி வட்டத்தில் 2,799 கறுப்பினப் பிள்ளைகளும் 295 வெள்ளையர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விகிதப்படி கலந்தால் ஒரு வகுப்பில் 27 பேருக்கு மூவர் வருவார்கள். இதனால் எவருக்கு என்ன நன்மை என்று கேட்டார். கணக்குச் சரியானது. ஆனால் அந்த 2,799 பிள்ளைகளுக்கு அதுவரை என்ன நேர்ந்தது என்பது அக்கணக்கில் இல்லை. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் வாசித்த தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனப்பட்டிருந்தனர்.

வெற்றி கிளாரெண்டனுக்கு வந்து சேர்ந்ததா? 1955இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறைவேற்றத் தேதி குறிக்காமல், நிதானத்தோடு கூடிய விரைவு வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டது. அவ்வாண்டு ஜூலையில் பிரிக்ஸ் வழக்கு மீண்டும் பார்க்கரின் முன் வந்தபோது, அரசியல் சட்டம் பாகுபாட்டைத் தடுக்கிறதேயன்றிப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்க்கும்படி கட்டளையிடவில்லை என்று அவர் விளக்கம் கொடுத்தார். அவ்விளக்கத்தைப் பற்றிக்கொண்டு தென் மாநிலங்கள் பல ஆண்டுகள் காலம் கடத்தின.

டிலேன் அப்போது லேக் சிட்டி என்ற ஊருக்கு மாற்றப்பட்டிருந்தார். 1955 அக்டோபரில் அவருடைய கோயில் எரிக்கப்பட்டது. சில நாட்களுக்குப்பின் இரவில் வீட்டின்மீது துப்பாக்கியால் சுட்டார்கள். அவர் திருப்பிச் சுட்டார். இரவோடிரவாக ஊரை விட்டு வெளியேறினார். அவரைப் பிடிக்க ஆணை பிறந்தது. நியூயார்க்கில் வாழ்ந்து, 1974இல் அண்டை மாநிலமான வட கரோலினாவில் காலமானார். அவர்மீதிருந்த குற்றச்சாட்டு 2000ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. ஹாரி பிரிக்ஸ் பிழைப்புக்காக ஃபுளோரிடா சென்றார்.

சம்மர்ட்டன் வெள்ளையர் பள்ளியில் கறுப்பின மாணவர் சிலர் முதன்முதலாகக் கால் வைத்தது 1965இல். பஸ் இன்றி 1947இல் நடந்த பிள்ளைகள் அதற்குள் பள்ளி வயதைக் கடந்திருந்தனர். அதே ஆண்டில் வெள்ளையர் தங்கள் பிள்ளைகளுக்கென்று தனியார் பள்ளி ஒன்றைத் தொடங்கிக்கொண்டு, அரசுப் பள்ளியிலிருந்து மெல்ல மெல்ல விலகினர்.

2004இல் அமெரிக்கக் காங்கிரசின் தங்கப் பதக்கம் டிலேன், பியர்சன், ஹாரி பிரிக்ஸ், எலைசா பிரிக்ஸ் ஆகிய நால்வருக்கும் வழங்கப்பட்டது. நால்வருமே அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்கள். பிள்ளைகளும் உறவினரும் பெற்றுக்கொண்டார்கள்.