யோவான் திருத்தந்தையர்: வரிசை எண்ணை வரலாற்றுச் சான்றாகப் படித்தல்

உரோமைத் திருத்தந்தையர் மிகுதியாகத் தேர்ந்துகொண்ட பெயர் யோவான். அப்பெயர் வரிசையின் கடைசி எண் 23. ஆனால், முறையானவர்கள் என்று திருச்சபை இன்று ஏற்கும் யோவான்கள் 21 பேரே. 16ஆம் யோவான் எதிர்த்திருத்தந்தை. 20ஆம் யோவான் என்று ஒருவர் இருந்ததே இல்லை. 23 என்ற எண்ணையோ இருவர் தாங்கினர். இதை ஏடு பெயர்த்தெழுதியோரின் பிழை என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். பிழை இதில் ஒரு பகுதியையே விளக்கும். புதிதாகப் பொறுப்பேற்பவர் தமக்கு முன் அப்பெயரைத் தாங்கியவர்களுள் எவரை முறையானவராகக் கொண்டார் என்பதை அவர் சூடும் எண் பதிவு செய்கிறது. ஆகவே அந்த எண், அது சூடப்பட்ட காலத்துக்கே முதன்மைச் சான்றாகும்.

முதலில் பிழையைப் பார்ப்போம். 983இல் பதவியேற்ற 14ஆம் யோவானை எதிர்த்திருத்தந்தை ஏழாம் போனிஃபாஸ் 984இல் சாந்த் ஆஞ்செலோ கோட்டையில் சிறைவைத்தார். யோவான் அங்கேயே இறந்தார். அவர் ஆண்ட எட்டு மாதங்களையும் சிறையிலிருந்த நான்கு மாதங்களையும் பழைய பட்டியல் ஒன்று தனித்தனியே குறித்திருந்தது. பின்வந்தோர் அவற்றை இரு வேறு யோவான்களின் ஆட்சிக் காலங்களாகப் படித்தனர். இதனால் அடுத்து வந்த யோவான்களின் எண்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. 1276இல் தேர்வான போர்ச்சுகல் நாட்டுப் பேதுரு, இந்தக் கணக்கின்படி தம்மை 21ஆம் யோவான் என்று அழைத்துக்கொண்டார். அவர் 1277இல் விதெர்போ அரண்மனையின் கூரை இடிந்து விழுந்ததில் மறைந்தார். அவருடைய எண் நிலைத்துவிட்டது. 1316இல் தேர்வான ழாக் துயேஸ் 22ஆம் யோவானாகி அதையே உறுதிசெய்தார். இடையில் இருந்தோரின் எண்களைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் சரிசெய்தபோது, 20ஆம் இடம் வெறுமையானது.

பிழையாகக் கருத முடியாதது 16ஆம் எண். ஐந்தாம் கிரகோரி பதவியில் இருக்கும்போதே, 997இல் கிரெசென்சியுஸ் என்ற உரோமைப் பிரபு யோவான் ஃபிலகாத்தோஸைத் திருத்தந்தையாக அமர்த்தினார். மறு ஆண்டே பேரரசர் மூன்றாம் ஒட்டோவின் படை ஃபிலகாத்தோஸைப் பிடித்து உறுப்புச் சிதைத்தது. ஆயினும் அவருடைய எண் வரிசையிலிருந்து நீங்கவில்லை.

உரிமை பற்றிய சிக்கல் முழு உருவில் வெளிப்படுவது, உரோமையிலும் அவிஞோனிலும் வெவ்வேறு திருத்தந்தையர் உரிமை கோரிய மேலைத் திருச்சபையின் பெரும்பிளவுக் காலத்தில். 1409இல் பீசாச் சங்கம் ஐந்தாம் அலெக்சாந்தரைத் தேர்ந்தது. அவர் மறு ஆண்டு இறக்கவே, அவரைச் சார்ந்த கர்தினால்கள் பல்தசாரே கொஸ்ஸாவை 23ஆம் யோவானாகத் தேர்ந்தனர். கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தைக் கூட்டியவரும் அவரே. 1415இல் அவரைப் பதவி நீக்கியதும் அதே சங்கமே. அலெக்சாந்தரும் கொஸ்ஸாவும் ஒரே மரபினர். ஒருவரை ஏற்றால் மற்றவரையும் ஏற்றாக வேண்டும். 1492இல் ரோட்ரிகோ போர்ஜா ஆறாம் அலெக்சாந்தர் என்று பெயர் சூடியபோது, பீசா மரபை முறையானதாகவே கொண்டார். 1958இல் ஆஞ்செலோ ரொன்கால்லி 23ஆம் யோவான் என்று பெயர் சூடியபோது, அதே மரபைத் தள்ளினார். இடையில் 1947ஆம் ஆண்டு வத்திக்கான் ஆண்டேட்டின் திருத்திய பட்டியல் பீசா மரபினரை எதிர்த்திருத்தந்தையராக மாற்றியிருந்தது. விளைவு, அலெக்சாந்தரின் எண் இன்றும் கணக்கில் நிற்கிறது. அவருக்கு அடுத்து வந்தவரின் எண் மட்டும் விலக்கப்பட்டது.

ஆளை அடையாளம் காட்டுவதே எண்ணின் வேலை, அதில் உரிமைத் தீர்ப்பைத் தேட வேண்டியதில்லை என்று ஒருவர் மறுக்கலாம். அடையாளம் மட்டுமே நோக்கமாயின், 1958இல் 24 என்று சூடியிருந்தால் எந்தக் குழப்பமும் நேர்ந்திராது. புளோரன்ஸ் திருமுழுக்கு ஆலயத்தில் கொஸ்ஸாவின் கல்லறை, முன்னாள் திருத்தந்தை 23ஆம் யோவான் என்ற கல்வெட்டோடு இன்றும் நிற்கிறது. அது தெரிந்திருந்தும் அதே எண் மீண்டும் சூடப்பட்டது. 1724இல் தேர்வான ஓர்சினி முதலில் 14ஆம் பெனெதிக்து எனப்பட்டார். பின்னர், அவிஞோன் மரபின் பேத்ரோ தெ லூனா தாங்கிய 13ஐச் செல்லாததாகக் கொண்டு, தாமே 13ஆம் பெனெதிக்து ஆனார். அடையாளத் தெளிவும் உரிமையும் மோதிய இரு இடங்களிலும் உரிமையே வென்றது.

அப்படியானால் 16ஆம் யோவானும் ஐந்தாம் அலெக்சாந்தரும் ஏன் தப்பினர்? அவர்களுக்கு அடுத்த எண்ணைச் சூடியவர்களின் ஆணை மடல்களும் நாணயங்களும் கல்வெட்டுகளும் அந்த எண்ணோடே பரவிவிட்டன. ஒருவரை நீக்கினால் பின்வந்தோர் அனைவரின் ஆவணங்களையும் திருத்த வேண்டும். கொஸ்ஸாவுக்குப் பின் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக எவரும் யோவான் என்ற பெயரைத் தொடவில்லை. ஆகவே அவருடைய எண்ணை நீக்குவதற்கு எந்த விலையும் தர வேண்டியிருக்கவில்லை. உரிமைத் தீர்ப்பு எண்ணில் எந்த அளவுக்கு இடம்பெறும் என்பதை, பின்வந்தோர் விட்டுச்சென்ற ஆவணங்களே வரையறுத்தன.

ஆய்வாளருக்கு இதிலிருந்து கிடைக்கும் நெறி தெளிவு. 21 என்பது 1276இல் எந்தப் பட்டியல் செல்வாக்குப் பெற்றிருந்தது என்பதைச் சொல்லும். 10ஆம் நூற்றாண்டில் எத்தனை யோவான்கள் இருந்தனர் என்பதைச் சொல்லாது. ரொன்கால்லியின் 23, பீசா மரபைப் பற்றி 20ஆம் நூற்றாண்டு கொண்ட முடிவைக் காட்டும். 1410இல் கொஸ்ஸாவை ஏற்று அவருக்குக் கீழ்ப்படிந்த ஆயர்களின் நம்பிக்கையை அளக்க அது உதவாது.