கடல் தின்ற உடல்கள் – 9: பாயின் போர்க் கிழவர்

கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் பன்னிரண்டு மாலுமிகளை வைத்து நடத்திய பரிசோதனை இந்த வாரம் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். லிண்ட் கொஞ்சம் பொறுக்கட்டும். கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோயைப் பற்றி எதைப் படித்தாலும் கடைசியில் ஒரு கிழவரிடம்தான் வந்து நிற்கிறேன். அவரைப் பார்க்காமல் மேலே போக மனம் வரவில்லை.

1740 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படைக் கமடோர் ஆன்சன் ஆறு போர்க்கப்பல்களோடு கிளம்பினார். பசிபிக் கடலில் ஸ்பானியர்களைச் சூறையாடுவது திட்டம். தரையில் இறங்கிச் சண்டை போட ஆள் வேண்டுமே? செல்சீ மருத்துவமனையின் ஓய்வூதியச் சிப்பாய்கள் 500 பேரை அனுப்பச் சொல்லி லண்டன் உத்தரவிட்டது. நடக்கத் தெம்பிருந்தவர்கள் போர்ட்ஸ்மவுத்திலேயே கம்பி நீட்டிவிட்டார்கள். மிஞ்சிய 259 பேர் கப்பலேறினார்கள். பெரும்பாலோருக்கு அறுபது வயது, சிலருக்கு எழுபதுக்கும் மேல். ஆன்சனை வீரர் என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த உத்தரவில் கையெழுத்திட்ட கனவான்களை நான் கொலைகாரர்கள் என்றுதான் சொல்வேன்.

தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றும்போது ஸ்கர்வி வந்தது. ஆன்சன் இருந்த சென்சூரியனில் மட்டும் 1741 ஏப்ரலில் 43 பேர் செத்தார்கள். மே மாதம் ஏறக்குறைய இரட்டிப்பு. தூளியில் படுத்தபடி நன்றாகச் சாப்பிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவனை இடம் மாற்றத் தூக்கினால், தூக்கும்போதே உயிர் போனது. கப்பல் பாதிரியார் வால்டரின் பெயரில் 1748இல் வந்த பயண நூல் இதையெல்லாம் விவரிக்கிறது. நம் கிழவர் வருவதும் அதில்தான். அந்த ஓய்வூதியச் சிப்பாய்களில் ஒருவர், பெயர் இல்லை.

1690இல் அயர்லாந்தின் பாயின் ஆற்றங்கரைப் போரில் அவர் காயம்பட்டவர். விரைவிலேயே குணமாகி, அரை நூற்றாண்டு நன்றாக இருந்தவர். ஸ்கர்வி பிடித்ததும் அந்தப் பழைய காயங்கள் ஒருநாளும் ஆறாதவைபோல மறுபடி வாய் திறந்தன. அதைவிட விந்தை, என்றோ முறிந்து கூடிய அவருடைய எலும்பு, கூடிய இடத்திலேயே கரைந்து விட்டுப்போனது.

அன்றைக்கு யாருக்கும் காரணம் புரியவில்லை. இன்று புரிகிறது. நம் உடம்பின் புரதத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோல், எலும்பு, ஈறு, ரத்தக்குழாய்ச் சுவர், தழும்பு எல்லாம் அதன் தயவில்தான் நிற்கின்றன. மூன்று இழைகளைப் பின்னி முறுக்கிய கப்பல் கயிறு போன்றது அது. இழைகளில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஹைட்ராக்சில் தொகுதி ஏறினால்தான் முறுக்கு நிற்கும். ஏற்றும் நொதிக்குள் ஓர் இரும்பு அணு இருக்கிறது. அதை வேலை செய்யக்கூடிய ஃபெரஸ் நிலையில் காப்பது வைட்டமின் சி. அது தீர்ந்தால், புதிதாக உருவாகும் கொலாஜன் உடல் சூட்டிலேயே முறுக்கவிழ்ந்துவிடும். இதற்கிடையில் உடம்பு பழைய கொலாஜனைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. தழும்பில் அந்த வேலை சுற்றியுள்ள தோலைவிட வேகமாக நடக்கும். கலைப்பு நடக்கிறது, கட்டுமானம் நின்றுவிட்டது. ஐம்பது ஆண்டுத் தழும்பு வேறென்ன செய்யும்?

பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் கிராண்டன் இதைத் தன் உடம்பிலேயே சோதித்தார். 1939இல் தொடங்கி ஆறு மாதம் வைட்டமின் சி இல்லாத உணவு. மூன்றாம் மாதம் அவர் முதுகில் கீறிய காயம் ஆறியது. ஆறாம் மாதம் கீறியது ஆறவில்லை, வைட்டமின் சி ஊசி போட்டபிறகே ஆறியது.

மறுபடி 1741க்கு வருவோம். கேப் ஹார்னைத் தாண்டியபின் எட்டிய ஜுவான் ஃபெர்னாண்டஸ் தீவின் கீரையும் டர்னிப்பும் ஆன்சனின் ஆட்களில் மிஞ்சியவர்களைத் தேற்றின. 1743இல் ஸ்பானியப் புதையல் கப்பல் பிடிபட்டது. அடுத்த ஆண்டு அந்த வெள்ளி 32 வண்டிகளில் லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனது. கிளம்பிய சுமார் 1,900 பேரில் ஆயிரத்துக்கும் மேல் நோயிலேயே போயிருந்தார்கள். வண்டிகளை எண்ணியவர்கள் இதை எண்ணவில்லை.

ஒரே ஒருவர் எண்ணினார். 1753இல் அவர் எழுதிய நூலை ஆன்சனுக்கே காணிக்கையாக்கினார். அவர்தான் லிண்ட். அடுத்த வாரம் கட்டாயம் அவருடைய பரிசோதனை நடந்த சாலிஸ்பரி கப்பலில் ஏறிவிடுவோம்: 1747 மே 20, இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை.