லிண்டன் மரங்களின் கீழே ஒரு காலி அலமாரி

2024 கோடையில் எங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் அழைத்ததன் பேரில் நானும் என் மனைவியும் ஆறு வாரம் பெர்லினில் தங்கியிருந்தோம். நம் அங்கத்தினர்கள் பலரின் பிள்ளைகள் இப்போது ஐரோப்பாவில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் அங்கு பார்த்த ஒரு வீதியைப் பற்றி எழுதுகிறேன்.

வீதியின் பெயர் 'உன்டர் டென் லிண்டன்'. 'லிண்டன் மரங்களின் கீழே' என்று அர்த்தம். லிண்டனை ஆங்கிலத்தில் 'லைம்' என்பார்கள். எலுமிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது ஒரு நிழல் மரம். அரண்மனையிலிருந்து வேட்டைக் காட்டுக்குப் போகும் பாதையாக இருந்ததை 1647-ல் அந்நாட்டு அதிபதி ஃபிரெடெரிக் வில்லியம் செப்பனிட்டு, ஆயிரம் லிண்டனும் ஆயிரம் வாதுமை மரங்களும் ஆறு வரிசையாக நடச் செய்தார். அவற்றில் எதுவும் இன்று இல்லை. 1930-களில் பூமிக்கடியில் ரயில் பாதை போடுவதற்காகப் பல மரங்களை வெட்டினார்கள். போர் முடியும் தறுவாயில் மிச்சம் இருந்தவை விறகாயின. இப்போது நிற்பவை போருக்குப் பின் வைத்தவை.

வீதி சுமார் ஒன்றரை கிலோமீட்டர். எங்களைப் போன்றவர்களும் நடந்துவிடலாம். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு 100-ஆம் நம்பர் பஸ் இருக்கிறது. மேற்குக் கோடியில் இருப்பது 1791-ல் கட்டி முடிந்த பிராண்டன்பர்க் வாயில். அதன் மேலுள்ள நான்கு குதிரை ரதத்தை நெப்போலியன் 1806-ல் பாரிசுக்குக் கொண்டுபோனதும், 1814-ல் அது திரும்பி வந்ததும், 1961 முதல் 1989 வரை பெர்லின் சுவர் அந்த வாயிலை மறித்து நின்றதும் எல்லோரும் அறிந்த கதை. போட்டோ எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தோம். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பக்கம்தான்.

இடது கையில் பெரிய அரசாங்க நூலகம் வருகிறது. 1914-ல் திறந்த கட்டடம். அதே கட்டடத்தில் பிரஷ்ய விஞ்ஞானக் கழகமும் இருந்தது. 1915 நவம்பரில் நான்கு வாரம் தொடர்ந்து ஐன்ஸ்டீன் தம்முடைய பொதுச் சார்பியல் கொள்கையைச் சமர்ப்பித்தது இந்தக் கழகத்தில்தான். 25-ஆம் தேதி அதன் சமன்பாடுகள் முழு வடிவம் பெற்றன. 1924-ல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் அனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்டீன் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பிரசுரத்துக்கு அனுப்பினார். அதன் வழியில் தாம் எழுதிய கட்டுரையை அந்த ஜூலையில் இக்கழகத்தின் முன் வைத்தார். பி.எஸ்ஸி. பௌதிகத்தில் 'போஸ்-ஐன்ஸ்டீன் புள்ளியியல்' என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன் நான். அதன் வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன் என்று அப்போது யார் நினைத்தார்கள்!

இந்தக் கட்டடம் வருவதற்கு முன் அங்கே அரச குதிரை லாயம் இருந்தது. அந்தத் தொகுதியில்தான் பழைய விஞ்ஞானக் கழகமும் கூடியது. அந்தக் கழகத்தில் 1825-லும் 1826-லும் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் பகவத் கீதையைப் பற்றிப் பேருரை நிகழ்த்தினார். பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு வித்திட்டவர் அவர்தான். அது இன்று ஹும்போல்ட் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிரஷ்யாவின் தூதராக லண்டனில் இருந்தபோது அவருக்கு சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்த ஃபிரான்ஸ் பாப் என்பவர், நளோபாக்கியானத்தை லத்தீன் மொழிபெயர்ப்புடன் 1819-ல் பதிப்பித்தவர். 1821-ல் பாப் இங்கே பேராசிரியரானார்.

சாலையைக் கடந்தால் எதிரே ஒரு சதுக்கம். ஒரு பக்கம் இசை நாடக அரங்கம். மறு பக்கம் முகப்பு வளைந்த பழைய நூலகம். அந்த வளைவுக்காக ஊர்க்காரர்கள் அதற்கு 'கொமோடே', அதாவது இழுப்பறைப் பெட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று அங்கே சட்டப் படிப்பு நடக்கிறது. கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்த சர் ராபர்ட் சேம்பர்ஸ் சேகரித்த சம்ஸ்கிருதச் சுவடிகளை பிரஷ்ய அரசர் 1842-ல் விலைக்கு வாங்கினார். அவை வந்து சேர்ந்தது இந்தப் பெட்டிக்குள்தான். ஆல்பிரெக்ட் வேபர் என்ற பண்டிதர் அவற்றைப் படித்து 1853-ல் விவரப் பட்டியல் வெளியிட்டார். சுக்ல யஜுர் வேதத்தையும் சதபத பிராம்மணத்தையும் அச்சேற்றியவரும் அவரே. வேதம் ஓதும் அதிகாரம் யாருக்கு என்று நம் ஊரில் சர்ச்சை நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு ஜெர்மானியர் ஸ்வரக் குறிகளோடு பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

இதே சதுக்கத்தில் 1933 மே 10-ஆம் தேதி இரவு புத்தகங்களை எரித்தார்கள். எரித்தவர்கள் எழுத்தறிவில்லாதவர்கள் அல்லர். சாலைக்கு எதிர்ப்புறப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அதில் முன்நின்றார்கள். தீவட்டி ஊர்வலம், பாட்டு, லாரிகளில் புத்தகம். மழை தூறியதால் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருந்தது. மார்க்ஸ், ஃபிராய்ட், ரெமார்க் என்று பெயரைக் கூவிக் கூவி வீசினார்கள். எரிக் கேஸ்ட்னர் என்ற எழுத்தாளர் கூட்டத்தில் நின்று தம் புத்தகங்கள் எரிவதைக் கண்ணால் பார்த்தார். நள்ளிரவில் கோயபெல்ஸ் வந்து பேசினார். சுமார் இருபதாயிரம் நூல்கள் சாம்பலாயின. அதற்குச் சில வாரங்கள் முன்பே ஐன்ஸ்டீன் விஞ்ஞானக் கழகத்திலிருந்து ராஜிநாமா செய்துவிட்டார்.

சதுக்கத்தின் நடுவே தரையில் ஒரு கண்ணாடிப் பலகை பதித்திருக்கிறார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த சிற்பி மிகா உல்மன் 1995-ல் அமைத்த நினைவுச் சின்னம். சிலை இல்லை, தூண் இல்லை. தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டே போய்விடுவார்கள். பகலில் கண்ணாடியில் வானம்தான் தெரிகிறது. குனிந்து, கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தால் கீழே ஓர் அறை. நான்கு சுவரிலும் வெள்ளை அலமாரிகள், இருபதாயிரம் புத்தகம் கொள்ளும் அளவுக்கு. ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ஒரு வெண்கலத் தகடு. அதில் ஹைன்ரிக் ஹைனேயின் வரிகள். புத்தகங்களை எரிக்கும் இடத்தில் அடுத்து என்ன எரியும் என்று 1823-ல் வெளிவந்த நாடகத்திலேயே எழுதிவிட்டார் அவர். இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கங்கைக் கரையைப் பாடியவர்.

"ஏன்னா, கீழ ஒண்ணுமே இல்லையே? சாமானை எல்லாம் எடுத்துண்டு போயிட்டாளா?" என்றாள் என் மனைவி. விவரத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நம்மாத்து ஓலைக்கட்டு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருக்கிறது. 1978-ல் காவிரிக் கரையில் இருந்த எங்கள் கிராமத்து வீட்டை விற்றோம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பரணில் தாத்தாவின் கிரந்தப் புஸ்தகங்கள் ஒரு சாக்கு, ஓலைச்சுவடிகள் ஏழெட்டுக் கட்டு. பழைய பேப்பர்காரன் புஸ்தகங்களை எடைக்கு எடுத்துக்கொண்டான். ஓலை வேண்டாமென்று தள்ளிவிட்டான். எனக்கு நான்கு நாள்தான் லீவு. வீட்டைக் காலி செய்த அந்த மூன்று நாளும் வெந்நீர்த் தவலைக்கு அதுதான் எரிந்தது. ஓலை நன்றாகப் பற்றிக்கொண்டது. பரணிலிருந்து இறக்கி, கயிற்றை அறுத்து, அடுப்படியில் போட்டவன் நான்.

"அதுல என்ன எழுதியிருந்ததுன்னு யாருக்காவது தெரியுமோ?" என்று கேட்டாள்.

எங்கள் குடும்பத்தில் கிரந்தம் வாசிக்கத் தெரிந்த கடைசி மனிதர் தாத்தா. அவர் 1961-லேயே போய்விட்டார். "தெரியாது" என்றேன். மாப்பிள்ளை, "மாமா, பஸ் வந்துடுத்து" என்று சாலை ஓரத்திலிருந்து கையசைத்தார்.