தாராசிங் தூக்கினாரா, கிங்காங் தூக்க விட்டாரா?



2025 ஜூலை 24 அன்று ஹல்க் ஹோகன் இறந்த செய்தி வந்ததும் நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் பட்டிமன்றம் நடந்தது. "ஹோகனுக்கு ஒரு பிடி ஒழுங்கா போடத் தெரியாது, எல்லாம் மீசையும் சட்டையைக் கிழிக்கிறதும்தான்" என்று ஒருவன். "அவன் இல்லேன்னா நீ டிவியில மல்யுத்தமே பார்த்திருக்க மாட்ட" என்று துபாயிலிருந்து இன்னொருவன். நடுவில் அண்டர்டேக்கர் கட்சி, பிரெட் ஹார்ட் கட்சி என்று பிரிந்து, நாற்பது வயதைத் தொட்டவர்கள் எல்லாம் ஐந்தாம் வகுப்புப் பையன்களாகி விட்டீர்கள். கடைசியில் "சார், நீங்க தீர்ப்பு சொல்லுங்க" என்று கேட்டதற்கு நான் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நழுவிவிட்டேன். நழுவியதற்குக் காரணம் உண்டு. அதையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துப் படியுங்கள். வீட்டுப்பாடம் கிடையாது.

என் சின்ன வயதில் ஏழாயிரம்பண்ணையில் யாராவது தோளை விரித்து நடந்தால் "பெரிய தாராசிங்குன்னு நெனப்பு" என்பார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் தாராசிங்கைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எங்கள் பெரியப்பா ஒருவர் மட்டும் பார்த்திருந்தார். சிங்கப்பூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே ஹாப்பி வேர்ல்டு என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் மல்யுத்தம் நடக்கும். கிங்காங் மேடை ஏறினால் பலகை அழுகிற சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும் என்பார். அப்பாவோ, "அதெல்லாம் பேசி வச்சுப் போடுற சண்டைண்ணே" என்பார். அதோடு அன்றைய சாப்பாடு கெட்டுவிடும். பெரியப்பா சாகும்வரை அந்த வாதம் தீரவில்லை.

இருவர் சொன்னதும் சரிதான் என்று இப்போது எனக்குப் படுகிறது.

பேசி வைக்காத சண்டை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 1910 செப்டம்பர் 10, லண்டன். பாட்டியாலா மகாராஜாவின் ஆதரவு பெற்ற நம் காமா பயில்வானும் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். காமா முதலிலேயே ஸ்பிஸ்கோவைக் கீழே கொண்டுவந்து விட்டார். அதன்பிறகு ஸ்பிஸ்கோ தரையோடு ஒட்டிக்கொண்டார். புரட்ட முடியவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் இதே கதை! கடைசியில் சமம் என்று அறிவித்தார்கள். மறு மோதலுக்குக் குறித்த நாளில் ஸ்பிஸ்கோ வரவேயில்லை, கச்சை காமாவுக்குப் போனது. 1928-இல் பாட்டியாலாவில் மறுபடி சந்தித்தபோது காமா ஒரு நிமிஷத்துக்குள் அவரைச் சாய்த்தார்.

யோசித்துப் பாருங்கள். முதல் சண்டைக்கு டிக்கெட் வாங்கியவன் இரண்டரை மணி நேரம் ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது சண்டைக்கு வந்தவன் உட்கார்ந்து துண்டை உதறுவதற்குள் முடிந்துவிட்டது. நிஜம் அப்படித்தான், பார்க்கிறவன் வசதிக்கு நடக்காது. டிக்கெட் விற்பவர்களுக்கு இது கட்டுப்படியாகவில்லை. அமெரிக்காவில் 1920-களுக்குள் முடிவை முன்கூட்டியே பேசி, நேரத்தைச் சுருக்கி, தூக்குவதும் எறிவதுமாக ஆட்டத்தையே மாற்றிவிட்டார்கள். ஆனாலும் அது நிஜப் போட்டி என்றேதான் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1989-இல்தான், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து தப்புவதற்காக, நியூஜெர்சி மாநிலத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் நிறுவனமே "இது கேளிக்கை" என்று ஒப்புக்கொண்டது. அதாவது உண்மை வெளியே வந்தது நேர்மையால் அல்ல, செலவைக் குறைக்க.

இனி நம் தாராசிங். 1928-இல் பஞ்சாபின் தர்மூசக் கிராமத்தில் பிறந்தவர். நாடு விடுதலை பெற்ற சமயத்தில் சிங்கப்பூர் போனார். அங்கே வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தம் பழகி, மலாயா சாம்பியன் ஆகி, 1954-இல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டத்தையும் வென்றார். 1959-இல் கல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியன்கோவை வென்று காமன்வெல்த் சாம்பியன். 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று உலக சாம்பியன்.

பெரியப்பா இந்தக் கடைசி வரியை வேதவாக்காகச் சொல்வார். வரலாறு படித்தவன் என்ற முறையில் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டாக வேண்டும். தெஸ் தன்னிடமிருந்த என்.டபிள்யூ.ஏ உலகப் பட்டத்தை 1966 ஜனவரியிலேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்துவிட்டார். அப்புறம் பம்பாயில் எந்த உலகப் பட்டம் கைமாறியது? விளம்பரத் தட்டியில் எழுதிய பட்டம்தான். சரி, அதனால் தாராசிங் ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா? இங்கேதான் என் அப்பா தப்புப் பண்ணினார். தெஸ் சாதாரண ஆளில்லை, கை காலை முறிக்கும் நிஜப் பிடிகளைக் கரைத்துக் குடித்தவர். பிடிக்காதவனிடம் தோற்கச் சொன்னால் மேடையிலேயே அவனை முடக்கிப் போடக்கூடியவர். அப்படிப்பட்டவர் பின்னாளில் தன் வரலாற்றை எழுதியபோது தாராசிங்கை நிஜமான மல்யுத்த வீரர், உடம்பைப் பிரமாதமாக வைத்திருந்தவர் என்று மதிப்போடு குறிப்பிட்டார். முடிவு பேசி வைத்ததாக இருக்கலாம். யாரிடம் தோற்கச் சம்மதிப்பது என்பதில் பொய் இல்லை.

கிங்காங் விஷயத்துக்கு வருவோம். அவர் இயற்பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். எடை 200 கிலோ என்று விளம்பரம் செய்வார்கள். தாடியும் வயிறுமாக மனுஷ மலை. அந்த மலையைத் தாராசிங் தலைக்கு மேல் தூக்கினார் என்பதுதான் இந்தியா முழுக்கப் பரவிய கதை. 1962-இல் 'கிங்காங்' என்ற பெயரிலேயே ஒரு இந்திப் படம் வந்தது, கதாநாயகன் தாராசிங். ஆனால் அத்தனை எடையுள்ள ஒருவர் தூக்கப்படச் சம்மதிக்காவிட்டால் யாராலும் தூக்க முடியாது. உடம்பைத் தளர்த்தாமல், சரியான நொடியில் எம்பி, மேலே போனதும் அசையாமல் இருக்க வேண்டும். தூக்கியவருக்குப் பெயர். தூக்க விட்டவர் 1970-இல் ஒரு கார் விபத்துக்குப் பின் சிங்கப்பூரில் இறந்தார். தாராசிங்கின் புகழில் பாதியைக் கிங்காங்குக்கு எழுதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதே கதைதான் உங்கள் ஹோகனுக்கும். 1987 மார்ச் 29, மிச்சிகன் மாநிலத்தின் பாண்டியாக் சில்வர்டோம் அரங்கம். 93,173 பேர் வந்ததாக அறிவித்தார்கள். அது கூட்டிச் சொன்ன கணக்கு என்போரும் உண்டு. ஹோகன் அன்று ஆந்த்ரே தி ஜெயண்டைத் தூக்கிப் போட்டார். ஆந்த்ரேயை இதுவரை யாரும் தூக்கியதே இல்லை என்று விளம்பரம். ஆனால் 1980-இலேயே நியூயார்க்கில் இதே ஹோகனே அவரைத் தூக்கிப் போட்டிருக்கிறார்! ஆந்த்ரே அப்போது முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்து வலியோடு வந்திருந்தார். அந்த நிலையில் தன்னைத் தூக்கிப் போட அனுமதித்தது அவர் கொடுத்த கொடை.

அதே நாள், அதே மேடையில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதினார்கள். கால் மணி நேரம்கூட இல்லை. ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டி எழுதி, மனப்பாடம் செய்து, ஒத்திகை பார்த்து ஆடிய ஆட்டம். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் அன்றைய சிறந்த ஆட்டம் அதுதான் என்பார்கள். யூடியூபில் இரண்டையும் பார்த்தேன், எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஊர் நினைவில் நிற்பது ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்கிய அந்த ஒரு நொடி. ஆட்டத்துக்கு மார்க் போடலாம், புகழுக்குப் போட முடியாது. இரண்டையும் ஒரே விடைத்தாளில் எழுதியதால்தான் நீங்கள் மூன்று நாள் சண்டை போட்டீர்கள்.

சரி, ஆட்டத்துக்கு எதை வைத்து மார்க் போடுவது? இங்கே நான் பிரெட் ஹார்ட் கட்சி. கனடாவின் கால்கரியில், அப்பா ஸ்டூ ஹார்ட் வீட்டு நிலவறையில் பயிற்சிக்கூடம் வைத்திருந்தார். அங்கே கற்று வளர்ந்தவர். 1992 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் தன் தங்கை கணவர் டேவி பாய் ஸ்மித்தோடு மோதினார். ஆட்டம் தொடங்கியதுமே ஸ்மித்துக்குப் பேசி வைத்தது எல்லாம் மறந்துவிட்டதாம். பிரெட் ஒவ்வொரு பிடிக்கும் காதில் சொல்லிச் சொல்லி அவரை நடத்திச் சென்றார். ஜெயித்தது மச்சினன், ஜெயிக்க வைத்தது தோற்றவர். தன் கையால் எந்த எதிராளிக்கும் பெரிய காயம் பட்டதில்லை என்பதுதான் பிரெட் திரும்பத் திரும்பச் சொல்லும் பெருமை.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முப்பது வருஷம் மருந்துக் கலவை அறைக்குப் போய், முழுசாக வீடு திரும்பிய மனிதரை நாம் யாரும் நின்று பாராட்டுவதில்லை. வானத்தில் வெடித்துப் பூப்பூக்கிற பேன்சி ரகத்துக்குத்தான் கைதட்டல். பிரெட்டின் கதை அந்த அறையின் கதைதான். 1999 டிசம்பரில் கோல்ட்பெர்க் விட்ட ஓர் உதை குறி தப்பித் தலையில் பட்டது. அத்தோடு பிரெட்டின் முழுநேர மல்யுத்த வாழ்க்கை முடிந்தது. அதே வருஷம் மே 23 அன்று அவருடைய தம்பி ஓவன் ஹார்ட், கேன்சஸ் சிட்டியில் கயிற்றில் தொங்கி மேடைக்கு இறங்கும் காட்சியில் கொக்கி விட்டுக் கீழே விழுந்து இறந்தார். வெறும் வேடிக்கைக்காக வைத்த காட்சி அது.

நான் நழுவியதற்கான காரணம் இப்போது. தொண்ணூறுகளின் நடுவில், கேபிள் வந்த புதிதில், வகுப்பு முழுக்க மல்யுத்த அட்டைகள். உயரம், எடை, மார்பளவு, ராங்க் என்று கூட்டல் கழித்தலில் தடுமாறுகிறவன்கூட அதில் புலி. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று ஒருவன் சத்தியம் பண்ணினான். அந்த மனிதர் 1994 ஜனவரியில் சவப்பெட்டிச் சண்டையில் 'இறந்து', முதுகுக் காயத்துக்கு ஓய்வெடுத்து, ஆகஸ்டில் திரும்பி வந்தவர், அவ்வளவுதான். நான் அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு, "எல்லாம் பொய்டா, ஒருத்தனுக்கும் அடியே படாது" என்று சொல்லிவிட்டேன். அறிவியல் மனப்பான்மையை வளர்த்துவிட்டதாக எனக்குப் பெருமை.

அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பையன் இன்னொருவனைத் தலைகீழாகத் தூக்கி, அண்டர்டேக்கர் மாதிரியே கீழே இறக்கினான். தோள் முதலில் பட்டதால் காறை எலும்பு உடைந்ததோடு போயிற்று. கழுத்து முதலில் பட்டிருந்தால்? ஆஸ்பத்திரி வாசலில் தூக்கியவனை உலுக்கினேன். "நீங்கதான சார் அடி படாதுன்னு சொன்னீங்க" என்றான். அவனுக்குப் பத்து வயது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. முடிவுதான் பேசி வைத்தது, விழுவது நிஜம். மேடை என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் கித்தான். விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, கைகளை விரித்து, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். இதைக் கற்கவே மாதக்கணக்கில் ஆகும். தலைகீழாகத் தூக்குகிறவர் எதிராளியின் தலை தன் முழங்காலுக்கு மேலேயே இருக்கும்படி பிடித்து, தன் முட்டியில் அடியை வாங்கிக்கொள்கிறார். இரண்டு நிமிஷ விஷயம், சொல்லவில்லை.

கிரேட் காலியை நீங்கள் எல்லோரும் சேர்ந்து கிண்டலடித்தீர்கள். நடக்கவே சிரமப்படுவார், ஆட்டம் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். 2007-இல் உலகப் பட்டம் கொடுத்தது அவருடைய ஏழடி உயரத்துக்கும் இந்தியச் சந்தைக்கும்தான். ஆனால் அவர் 2015-இல் ஜலந்தரில் திறந்த பயிற்சிக்கூடத்தில் பழகிய ஹரியானாப் பெண் கவிதா தேவி, இரண்டே வருஷத்தில் டபிள்யூ.டபிள்யூ.இ மேடை ஏறிய முதல் இந்தியப் பெண் ஆனார். இதை அட்டையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தமிழாசிரியர் பாடத்தில் கை வைக்கிறேன், மன்னிக்கவும். புறநானூற்றில் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத காட்சி வருகிறது. ஒரு காலை மடித்து மல்லன் மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் தந்திரத்தைத் தடுத்ததைச் சாத்தந்தையார் பிடி பிடியாகச் சொல்கிறார். கிள்ளியைக் காதலித்த நக்கண்ணையாரின் பாட்டு ஒன்று இன்னும் சுவையானது. கூட்டத்தில் ஒரு சாரார் அவனுக்கே வெற்றி என்கிறார்கள், மறு சாரார் இல்லை என்கிறார்கள். அந்தப் பெண் சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டருகே நின்ற பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வெல்வதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்கிறாள். பெரியப்பாவும் அப்பாவும் சோற்றுத்தட்டு முன்னால் போட்ட அதே சண்டைதான்.

பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அந்த அட்டைகள் கிடைத்தன. ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கிடக்கிறது, மொத்தம் 31. காறை எலும்பு உடைந்த பிள்ளை இந்தப் பதிவைப் படிப்பான் என்று தெரியும். அட்டைகள் உன்னுடையவைதான். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள், பிள்ளைகளையும் கூட்டி வா. பிரெட் ஹார்ட் அட்டையை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும்.